மீ வந்தும் பெட்டி ஓடவில்லையா? பவர் சப்ளை வயர்களை அறிகுறி பார்த்துப் பிரித்தறிவது

தெருவில் பிள்ளைகள் பர்மிய மொழியில் "மீ லாபி!" என்று கத்துகிறார்கள்; மீ என்றால் கரண்ட். கரண்ட் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினால் மட்டும் அசைவில்லை. ரங்கூனில் இந்த நேரத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் தீர்ப்பு "போர்டு போச்சு", இல்லையென்றால் "பவர் சப்ளை போச்சு". போர்டு என்பது மதர்போர்டு. இரண்டுமே காசு கேட்கும் தீர்ப்புகள். கொக்கி மாட்டாத ஒரு ப்ளக், இடம் மாறிய ஒரு வயர், களிம்பு பிடித்த ஒரு பின், இவைதான் பல நேரம் காரணம். அதைக் கண்டுபிடிக்க எந்த ப்ளக் எது, அதில் எந்த வயர் எவ்வளவு வோல்ட் என்று தெரிந்தால் போதும்.

ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், ஒரு பேப்பர் கிளிப் எடுத்து வையுங்கள். பெட்டிக்குள் கை வைக்கும் முன் சுவரிலிருந்து வயரைக் கழற்றி, முன்பக்கப் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். பவர் சப்ளையின் தகரக் கூட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளேயுள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், சில வகைகளில் 400 வோல்ட்டை நெருங்கும். வயரைக் கழற்றிய பிறகும் சில நிமிடம் அது அங்கேயே இருக்கும்.

வண்ணம் சொல்லும் கணக்கு

கறுப்பு என்றால் கிரவுண்டு. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். ஊதா, பெட்டி அணைந்திருக்கும்போதும் உயிரோடிருக்கும் 5 வோல்ட். பச்சை, "ஓடு" என்று போர்டு கட்டளையிடும் வயர். சாம்பல், "எல்லா வோல்ட்டும் சரி" என்று பவர் சப்ளை திருப்பிச் சொல்லும் பதில். நீலம் மைனஸ் 12. மிகப் பழைய பவர் சப்ளையில் வெள்ளை வயர் ஒன்று மைனஸ் 5 வோல்ட்டுக்காக இருக்கும். இப்போது அந்தத் துளை காலியாக விடப்படுகிறது.

அளக்கும்போது 12 வோல்ட் வயரில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை, 3.3-இல் 3.14 முதல் 3.47 வரை காட்டலாம். இதற்கு வெளியே போனால் பவர் சப்ளை தளர்ந்துவிட்டது.

இப்போது வரும் பல பவர் சப்ளைகளில் எல்லா வயரும் கறுப்பு. அழகுக்காகச் செய்திருக்கிறார்கள், பழுது பார்க்கிறவனுக்குத்தான் தலைவலி. அப்போது இடத்தை வைத்து எண்ண வேண்டும். போர்டுக்குப் போகும் பெரிய 24 பின் ப்ளக்கைக் கையில் எடுத்தால், பல மாடல்களில் ஒரு முனையில் 4 பின் துண்டு தனியாகக் கழன்று வரும். அதற்கு எதிர் முனையில், கொக்கி இருக்கும் வரிசையில் எண்ணத் தொடங்குங்கள். நாலாவது துளை பச்சை. அதன் இரு பக்கமும் கறுப்பு. அதே வரிசையில் எட்டாவதாக வருவது அந்தக் காலித் துளை. காலித் துளைக்கு நேர் எதிரே, மறு வரிசையில் இருப்பது சாம்பல். அதை அடுத்து 4 பின் துண்டின் பக்கமாக இருப்பது ஊதா. துண்டு கழலாத ப்ளக்கானால் காலித் துளையைக் கண்டுபிடித்து, மூன்று துளை விட்டு நாலாவது எது என்று இரண்டு பக்கமும் பாருங்கள். மூன்று கறுப்பைத் தாண்டி வருவதுதான் பச்சை. மறு பக்கம் எண்ணினால் மூன்று சிவப்பைத் தாண்டி ஒரு கறுப்பில் முடியும்.

அறிகுறி: பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை

சுவரிலிருந்து உள்ளே வாருங்கள். நம் ஊர் வீடுகளில் உருண்டைப் பின், தட்டைப் பின், மூன்று பின் எல்லாம் கலந்து கிடக்கும். எல்லாவற்றையும் ஏற்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பித்தளை நாக்கு சீக்கிரம் தளர்ந்துவிடும். அதே ஓட்டையில் வேறொரு விளக்கைச் சொருகிப் பாருங்கள். சதுரப் பின் ப்ளக் என்றால் உள்ளே ப்யூஸ் இருக்கும், அதையும் பாருங்கள்.

பெட்டியின் பின்னால் சொருகும் மூன்று துளை வயர், மானிட்டருக்கும் போகும் அதே வகைதான். மானிட்டர் வயரை மாற்றிப் போட்டாலே வயர் கெட்டதா என்று தெரிந்துவிடும். 10 ஆம்பியருக்கான வயரில் செம்பு குறைந்தது 0.75 சதுர மி.மீ. இருக்க வேண்டும், தோலில் அச்சடித்திருப்பார்கள். எதுவும் அச்சடிக்காத, கைக்கு லேசான வயரை ஒதுக்கிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டால் சூடாக இருக்கும் வயரும் அப்படித்தான்.

அடுத்து பவர் சப்ளையின் முதுகிலுள்ள சுவிட்ச். கோடு பக்கம் இருந்தால் ஆன், வட்டம் பக்கம் இருந்தால் ஆஃப். துடைக்கும்போது தட்டுப்பட்டு அணைந்திருப்பது அதிசயமில்லை.

அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன நழுவு சுவிட்ச், 115 / 230 என்று எழுதியிருந்தால் அங்கே நின்று கவனியுங்கள். ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வரும் பெட்டிகளில் இது முக்கியம். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. சுவிட்ச் 115-இல் இருக்க நம் சுவரில் சொருகினால் உள்ளே வோல்ட்டேஜ் இரட்டிப்பாகி, 'டப்' என்ற சத்தத்தோடு கெப்பாசிட்டரோ ப்யூஸோ போய்விடும். பிறகு அதைச் சரிசெய்யப் பார்ப்பதைவிட மாற்றிவிடுவதே மலிவு. சுவிட்சே இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 100–240 என்று இருந்தால் கவலையில்லை. 100 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகக் கூடாது.

இதெல்லாம் சரியென்றால் 24 பின் ப்ளக்கைப் போர்டில் இருந்தபடியே விட்டு, சுவர் கரண்டைக் கொடுத்து, மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை ஊதாவிலும் பின்பக்கத்திலிருந்து வையுங்கள். 5 வோல்ட் இல்லை என்றால் கோளாறு பவர் சப்ளைக்குள். 5 வோல்ட் இருந்தால் சிவப்பு முனையைப் பச்சைக்கு மாற்றுங்கள். பட்டனைத் தொடாதபோது 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும். ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். பச்சை 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியும் விசிறி சுற்றவில்லையா, பவர் சப்ளைதான். பச்சை இறங்கவே இல்லையா, பவர் சப்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள்; முன்பக்கப் பட்டனின் மெல்லிய இரட்டை வயர் போர்டில் கழன்றிருக்கும், அல்லது போர்டே கட்டளை கொடுக்கவில்லை. போர்டில் அந்தப் பட்டன் வயர் சொருகும் இரண்டு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஓடினால் கெட்டது பட்டன்.

பேப்பர் கிளிப் வேலை, பவர் சப்ளையைத் தனியே சோதிக்க. எல்லா ப்ளக்கையும் போர்டிலிருந்து கழற்றி, சுவர் கரண்டை நிறுத்தி, 24 பின் ப்ளக்கில் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் கிளிப்பால் இணைத்து, பிறகு கரண்டைக் கொடுங்கள். விசிறி சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், ஆரோக்கியம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த நிலையில் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய பவர் சப்ளைகள் சில, சுமையே இல்லாமல் ஓடாது. தேவையில்லாத பழைய டிஸ்க் ஒன்றைச் சொருகி வையுங்கள்.

அறிகுறி: விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது

எங்கோ ஷார்ட். பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்கிறது. டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, விசிறிகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்துங்கள். எதைக் கழற்றியதும் ஓடுகிறதோ அதுவே குற்றவாளி, அல்லது அதற்குப் போகும் வயர். யாராவது புதிதாக ஏதேனும் பொருத்திய பிறகுதான் இது தொடங்கியது என்றால், அடுத்த பகுதியில் சொல்லப்படும் 8 பின் குழப்பத்தை முதலில் பாருங்கள்.

அறிகுறி: எல்லா விசிறியும் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை

பாதி வேளை காரணம், புராசசருக்குத் தனியாகப் போக வேண்டிய 12 வோல்ட் ப்ளக் மாட்டப்படவில்லை. 24 பின் மட்டும் போட்டாலே விசிறி, விளக்கு எல்லாம் உயிர் பெறும். புராசசர் மட்டும் பட்டினி கிடக்கும். அதன் சாக்கெட் போர்டின் மேல் மூலையில், புராசசர் விசிறிக்கும் பெட்டியின் முதுகுக்கும் இடையே, விரல் நுழையாத சந்தில் இருக்கும். 4 பின் அல்லது 8 பின்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பவர் சப்ளையிலிருந்து இரண்டு விதமான 8 பின் ப்ளக் வரும். ஒன்று புராசசருக்கு, இன்னொன்று கிராபிக்ஸ் கார்டுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வயர் அமைப்பு நேர் எதிர். புராசசர் ப்ளக்கில் கொக்கி இருக்கும் வரிசை முழுவதும் மஞ்சள், எதிர் வரிசை கறுப்பு: நாலு மஞ்சள், நாலு கறுப்பு. கிராபிக்ஸ் ப்ளக்கில் கொக்கி இருக்கும் வரிசை கறுப்பு, எதிர் வரிசையில்தான் மஞ்சள்: மூன்று மஞ்சள், ஐந்து கறுப்பு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் சொருகினால் 12 வோல்ட் நேரே கிரவுண்டில் மோதும். நல்ல பவர் சப்ளை உடனே அணைந்துகொள்ளும். மலிவானது வயரை உருக்கும்.

துளைகளின் வடிவம் இதைத் தடுக்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது. சில துளை சதுரம், சில துளையில் இரண்டு மூலை சீவப்பட்டிருக்கும். ஆனாலும் பிளாஸ்டிக் மெலிவானது, கட்டை விரல் பலமானது. வழுக்கிக்கொண்டு உள்ளே போகாத ப்ளக்கை அழுத்தாதீர்கள்.

பிரியும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. புராசசர் ப்ளக் 4 + 4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் ப்ளக் 6 + 2 ஆகப் பிரியும். அந்த 2 பின் துண்டில் இரண்டுமே கறுப்பு. எல்லா வயரும் ஒரே நிறமாக இருந்தால், கரண்டை நிறுத்தி, மீட்டரைக் கூவும் நிலையில் (இரு முனைக்கும் இடையே இணைப்பு இருந்தால் சத்தமிடும் நிலை) வைத்து, ஒரு முனையைப் பவர் சப்ளையின் தகரத்திலும் மறு முனையை ஒவ்வொரு துளையிலும் வையுங்கள். கிராபிக்ஸ் ப்ளக்கில் ஐந்து துளை கூவும், புராசசர் ப்ளக்கில் நாலு. 12 வோல்ட் துளை முதலில் ஒரு கணம் கூவி நின்றால் அது கெப்பாசிட்டர் நிரம்பும் சத்தம், கணக்கில் சேர்க்காதீர்கள்.

போர்டில் 8 பின் சாக்கெட், கையில் 4 பின் ப்ளக் மட்டும் என்றால் சின்ன புராசசர் ஓடிவிடும். நாள் முழுதும் வேலை வாங்கும் பெரிய புராசசருக்கு அது போதாது. இரண்டே மஞ்சள் வயர் எல்லாச் சுமையையும் தூக்கிச் சூடேறும்.

புராசசர் ப்ளக் சரியாக இருந்தும் திரை இருட்டு, ஆனால் கிராபிக்ஸ் கார்டின் விசிறி மட்டும் புயல் போல் சுற்றுகிறது என்றால் கார்டின் தலையில் காலியாக இருக்கும் சாக்கெட்டைப் பாருங்கள். போர்டின் நீளச் சாக்கெட்டிலிருந்து கார்டுக்குக் கிடைப்பது 75 வாட்தான். 6 பின் இன்னொரு 75 தரும், 8 பின் 150 தரும். கேட்டதைக் கொடுக்காவிட்டால் கார்டு அடம் பிடிக்கும்.

அறிகுறி: டிஸ்க் தெரியவில்லை, சுற்றும் சத்தமும் இல்லை

டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ப்ளக் தட்டையானது, 15 பின், ஓரத்தில் 'ட' எழுத்தை ஒத்த வளைவு. வளைவின் பிளாஸ்டிக் உடைந்திருந்தால் தலைகீழாகவும் நுழையும், அப்படி நுழைந்தால் டிஸ்க் எரியும். உடைந்த ப்ளக்கை வெட்டி எறியுங்கள்.

பழைய நாலு துளை மோலெக்ஸ் ப்ளக்கில் மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வரிசை. இரண்டு மூலை சீவியிருக்கும். மலிவுப் ப்ளக்குகள் நெகிழ்ந்து திரும்பியும் நுழையும். 5 வோல்ட் கேட்கும் இடத்தில் 12 வோல்ட் ஏறிவிடும்.

புதிய பெரிய டிஸ்க், முக்கியமாக வெளியே வைக்கும் யுஎஸ்பி பெட்டியிலிருந்து உடைத்து எடுத்தது, பழைய பவர் சப்ளையில் அசையாமல் கிடந்தால் அது சாகவில்லை. சாட்டா பவரின் மூன்றாவது பின்னுக்குப் புதிய விதிப்படி "அணைந்து இரு" என்ற வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய பவர் சப்ளையோ அதே பின்னில் 3.3 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். டிஸ்க் கீழ்ப்படிந்து தூங்கும். ஆரஞ்சு வயர் இல்லாத மோலெக்ஸ்–சாட்டா மாற்றி வழியாகக் கொடுத்தால் எழுந்துவிடும். அல்லது டிஸ்க்கில் டேட்டா சாக்கெட் பக்கமிருந்து எண்ணி முதல் மூன்று பின்களையும் வெப்பம் தாங்கும் மெல்லிய டேப்பால் மூடலாம்.

இனி சொல்வது இந்தப் பகுதியிலேயே முக்கியமானது. இரு முனையும் கழன்று வரும் மாடுலர் வயர்களில், டிஸ்க் பக்க முனைக்கு உலகம் முழுதும் ஒரே விதி. பவர் சப்ளை பக்க முனைக்கு எந்த விதியும் கிடையாது. ஒரு கம்பெனியின் வயர் இன்னொரு கம்பெனி பவர் சப்ளையில் அளவெடுத்தது போல் பொருந்தும். உள்ளே 5-உம் 12-உம் இடம் மாறியிருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கிடையிலும் இது நடக்கும். பவர் சப்ளையை மாற்றினால் வயர்களையும் முழுதாக மாற்றுங்கள். செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது வயர் மூட்டை அதனுடையதுதானா என்று சந்தேகம் இருந்தால், டிஸ்க்கைச் சொருகும் முன் மோலெக்ஸ் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள்: மஞ்சள் இடத்தில் 12, சிவப்பு இடத்தில் 5. ஒரு நிமிட வேலை. டிஸ்க்கில் இருக்கும் கல்யாணப் படங்களை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

அறிகுறி: ப்ளக் எண்ணிக்கையே ஒத்துவரவில்லை

ஆபீஸ்களிலிருந்து கழிந்து வரும் டெல், ஹெச்பி, லெனோவோ பெட்டிகளைத் திறந்தால் 24 பின் இருக்காது. 6, 8, 10, 14 பின் என்று கம்பெனிக்கு ஒரு வகை. பலவற்றில் பவர் சப்ளை தருவது 12 வோல்ட் மட்டும். டிஸ்க்குக்கு வேண்டிய 5 வோல்ட்டைப் போர்டே செய்து கொடுக்கும். பெட்டி அணைந்திருக்கும்போது வரும் கரண்டும் சிலதில் 5 அல்ல, 12. எனவே பின்னை எண்ணி யூகத்தில் வயர் ஒட்டாதீர்கள். மாடல் எண்ணைச் சொல்லி அதற்கான 24 பின் மாற்றி வயரை வாங்குங்கள், அல்லது அதே மாடல் பவர் சப்ளையைத் தேடுங்கள். 1990-களின் பிற்பகுதி டெல் பெட்டிகள் இன்னும் ஏமாற்றும்: ப்ளக் வழக்கமான 20 பின் போலவே இருக்கும், வயர் வரிசை மட்டும் வேறு.

அறிகுறி: பிளாஸ்டிக் கருகும் வாடை, ப்ளக் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கிறது

பின்னும் துளையும் இறுக்கமாகத் தொடாவிட்டால் தொடும் இடத்தில் தடை கூடும். 10 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடையில் 1 வாட் சூடு, அது 0.05 ஓம் ஆனால் 5 வாட். அரிசி மணி அளவுள்ள பின்னில் 5 வாட் என்றால் பிளாஸ்டிக் இளகும். மழைக்காலத்து ஈரத்தில் பச்சைக் களிம்பு பிடித்த பின்களில் இதுதான் நடக்கிறது. களிம்பு லேசாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கருகிய ப்ளக்கைத் துடைத்துப் பயனில்லை. உள்ளே ஸ்பிரிங் பிடிமானம் போயிருக்கும், மாற்றத்தான் வேண்டும். எதிரே போர்டில் இருக்கும் பின்னையும் பாருங்கள், ஒன்று கருகினால் ஜோடியும் கருகியிருக்கும்.

சாட்டா ப்ளக்கில் ஒரு பின் தாங்குவது 1.5 ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஆக 54 வாட். இதை 75 வாட் கேட்கும் கிராபிக்ஸ் 6 பின்னாக மாற்றித் தரும் சின்ன வயர் மலிவாகக் கிடைக்கிறது. கணக்கு ஒத்துவராத பொருள், வாங்காதீர்கள். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயரிலும், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து வயரை உள்ளே புதைத்த வகையில் வயர்கள் நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு. பின்பக்கம் திறந்து, ஒவ்வொரு வயரும் தனியாகக் கடித்துப் பிடிக்கப்பட்டிருப்பது தெரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

புதிய பெரிய கார்டுகளின் 16 பின் ப்ளக், 12 பெரிய பின்னும் 4 பொடிப் பின்னும் கொண்டது, 600 வாட் வரை ஒற்றை வயரில் கொடுக்கும். முழுதாக உள்ளே போகாவிட்டால் உருகும். கொக்கி விழும் சத்தம் மெல்லியது. காதை நம்பாமல் டார்ச் அடித்து இடைவெளி இல்லை என்று பாருங்கள். ப்ளக்கிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை வயரை வளைக்காதீர்கள்.

அறிகுறி: கரண்ட் போய் யுபிஎஸ்ஸுக்கு மாறும்போது பெட்டி அணைந்து மறுபடி ஓடுகிறது

சுவர் கரண்ட் நின்ற பிறகும் பவர் சப்ளை சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். யுபிஎஸ் மாறும் நேரம் பொதுவாக 10 மில்லி விநாடிக்குள். பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் வயதாகி வற்றிப்போனால் அந்த 10-ஐயே தாங்காது. வீட்டு இன்வெர்ட்டராக இருந்தால் அதில் யுபிஎஸ் நிலை, சாதா நிலை என்று சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதா நிலையில் மாற இன்னும் நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் தாங்காது. யுபிஎஸ்ஸின் அளவும் ஏமாற்றும்: 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வாட் அல்ல, பெரும்பாலும் 360 முதல் 390 வாட்தான்.

மாலையில் ஊரே விசிறியும் ஏசியும் போடும் நேரத்தில் மட்டும் அணைகிறதா? சுவர் வோல்ட்டை அப்போது அளந்து பாருங்கள். 100–240 என்று போட்ட பவர் சப்ளை 160 வோல்ட்டிலும் ஓடும், ஆனால் 300 வாட் இழுக்க 1.3 ஆம்பியருக்குப் பதில் ஏறக்குறைய 1.9 ஆம்பியர் கேட்கும். தளர்ந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி அப்போதுதான் சூடேறும். 200–240 என்று போட்டது அந்த வோல்ட்டில் தடுமாறும், அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும்.

அறிகுறி: பெட்டியின் தகரத்தைத் தொட்டால் சுள்ளென்கிறது

பவர் சப்ளை கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. அதன் வாசலில் இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள், இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப வைத்திருப்பார்கள். எர்த் இல்லாதபோது அவை சுவர் கரண்டில் பாதி அளவை, ஏறக்குறைய 115 வோல்ட்டை, தகரத்தில் நிறுத்தும். ஆம்பியர் மிகக் குறைவு, அதனால் சுள்ளென்பதோடு நிற்கிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். நன்றாகப் பிரகாசமாக எரிந்தாலோ, கை உதறும்படி அடித்தாலோ அது வேறு கதை, உடனே கழற்றிவிடுங்கள்.

காரணம், மூன்று பின் வயரை இரண்டு பின் மாற்றியில் சொருகியிருப்பது, அல்லது நகர நடுவிலுள்ள பழைய மாடிக் கட்டடங்களில் சுவர் ஓட்டையின் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாதது. மீட்டரில் லைனுக்கும் எர்த் துளைக்கும் இடையே 230 வோல்ட் அருகே காட்ட வேண்டும். 0-வோ, நிலையில்லாமல் ஆடும் எண்ணோ காட்டினால் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தரையில் கம்பி இறக்கி எர்த் இழுக்கச் சொல்லுங்கள். எர்த் துளையை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டும் குறுக்கு வழிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்: நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டியின் தகரம் முழுவதும் 230 வோல்ட் ஏறும். எர்த் வரும்வரை டிவி, ஸ்பீக்கர், பிரிண்டர் வயர்களைச் சொருகும்போது இரண்டு பக்கத்தின் சுவர் ப்ளக்கையும் முதலில் கழற்றிவிடுங்கள். அந்தச் சுள்ளென்ற கரண்ட் உங்கள் விரலைவிட எச்டிஎம்ஐ சாக்கெட்டைச் சீக்கிரம் கெடுக்கும்.